என் மகளுக்கு ரத்தம் மாற்றிய நாட்கள்

என்னைக் கண்ட பொம்பளைகள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஏ ராமாயி, ஒம் பிள்ளை ஒடம்புல இருந்த ரத்தத்தை அம்புட்டையும் எடுத்துட்டு வேற ரத்தம் ஊத்துனாங்களாமே, நெசமா?" சந்தையில் கேட்கிறார்கள், கிணற்றடியில் கேட்கிறார்கள், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் கேட்கிறார்கள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், கேள்வி மட்டும் நிற்கவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் கேட்கிறவர்களிடம் இதைக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன்.

நோய் என்று பார்த்தால் என்னிடம் வெளியே தெரிகிற மாதிரி ஒன்றுமே கிடையாது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று பெயர். திண்டுக்கல்லுக்கு மேற்கே முருங்கையும் கத்தரியும் போடுகிற செம்மண் காட்டில் வாக்கப்பட்டவள், படுத்துக்கிடந்தால் நடக்குமா? தலைப்பிள்ளை ஆண். நன்றாக வளர்ந்தான். அடுத்தது பெண். பிறந்த மறுநாளே கண்ணில் மஞ்சள் இறங்கியது. மூன்றாம் நாள் உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். பால் குடிக்கவில்லை, உடம்பைப் பின்னால் வளைத்து வளைத்து முறுக்கியது, போய்விட்டது. புதைக்கக் கொண்டுபோகும் முன்னால் அத்தை, அதாவது என் மாமியார், விளக்குக் கரியைத் தொட்டு அதன் இடது காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தாள். திரும்பி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமாம்.

ஒன்றரை வருஷம் கழித்து இன்னொரு பெண். பிறந்ததும் அத்தை காதைத்தான் மடக்கிப் பார்த்தாள். இடது காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு மச்சம். நானும் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. "பாத்தியா, அவளேதான்! வந்துட்டா கள்ளி!" என்று அத்தை கூத்தாடினாள். தெருவே வந்து காதைப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் நாள் அவளும் மஞ்சளாகிப் போய்விட்டாள்.

அழுதாயா என்று கேட்டால், அழுதேன். ஆனால் அடிவயிற்றிலிருந்து அழவில்லை. போனவள் வருவாள் என்று அத்தை அடித்துச் சொன்னாள், நானும் நம்பினேன். அப்படிச் சொல்ல அவளுக்குப் பாத்தியதை இருந்தது. வரிசையாக நாலு ஆண்பிள்ளைகள் அவளுக்கு இறந்து, ஐந்தாவதாகப் பிறந்தவர்தான் என் வீட்டுக்காரர். பிறந்ததுமே குப்பையில் உருட்டி, தவிட்டுக்கு வாங்கினதாகப் பேர் பண்ணி, மூக்கைக் குத்தி, மூக்கையா என்று பெயர் வைத்து எமனை ஏமாற்றினார்களாம். "நாலு தடவை என்னைய ஏமாத்திட்டு ஓடுன பயடி ஒம் புருசன். அஞ்சாவது தடவை மூக்கைக் குத்திப் பிடிச்சுப் போட்டேன்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. ஓடிப்போன கிடாயைப் பிடித்துக் கட்டின கதை மாதிரி இருக்கும்.

மறுபடியும் வயிற்றில் தங்கியது. ஏழாம் மாதம் என்னைப் பார்க்க அண்ணன் வந்தார். செல்லையா என்று பெயர், திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை. கருப்புச் சட்டைக்காரர். சாமி, முன்ஜென்மம், பின்ஜென்மம் ஒன்றும் கிடையாது. "செத்தவ எப்படித்தே திரும்பி வருவா? திண்டுக்கல் பஸ்ஸுல ஏறியா?" என்று அத்தையிடமே கேட்பார். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். என் கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை பேறுகாலம் ஆஸ்பத்திரியிலதான். இல்லேன்னா இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்" என்றார். "மிதிக்காட்டிப் போ" என்றாள் அத்தை. ஆனால் மறுநாள் விடிந்ததும் எனக்கு முன்னால் சேலை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றது அவள்தான்.

திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரி. காத்திருக்கிற இடத்தில் சுவரை ஒட்டி நீளமாக பெஞ்சு, அதில் வயிறும் கையுமாகப் பொம்பளைகள். எங்கே திரும்பினாலும் பினாயில் வாடை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கோட்டைப் பாறை வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும். காலையில் போய் உட்கார்ந்தால் மத்தியானம் தாண்டித்தான் கூப்பிடுவார்கள். இடுப்பு கழன்றுவிடும். கூப்பிட்டதும் ஒரு நர்ஸ் கேட்டாள்: "எத்தனாவது பேறு?"

நான் வாயைத் திறக்குமுன் அத்தை, "ரெண்டாவது" என்றாள்.

"மொதப் பிள்ளை உசிரோட இருக்கா?"

"இருக்கான். மாடு மேய்க்கப் போயிருக்கான்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். அத்தை பொய் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். அவள் கணக்கில் அது இரண்டாவதேதான். தலைப்பிள்ளை ஒன்று. வந்து வந்து போகிறாளே, அவள் இரண்டு. இன்னும் சரியாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அது போக, போனதைப் பற்றி வயிற்றுப்பிள்ளை காதுபடப் பேசக்கூடாது என்று கட்டளை. பேசினால் வந்த வழி ஞாபகம் வந்துவிடுமாம். அதனால் ஆஸ்பத்திரியில் சொல்கிற கணக்கை அண்ணனிடமும் சொல்லாதே என்று முதலிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். அவருக்கு இரண்டு பிள்ளைகள் இறந்தது தெரியும். ஆனால் பொம்பளைகள் பக்கம் என்ன எழுதினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு தடவை போனோம். இரண்டு தடவையும் "எல்லாம் நல்லா இருக்கு, இரும்பு மாத்திரையைச் சாப்பிடு, வலி வந்தா வா" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை பெரிய டாக்டரம்மாவே பார்த்தார். வெள்ளை அங்கி, கழுத்தில் சிலுவை, நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது தானே, சுகமா பெத்துடுவா. பயப்படாண்டாம்" என்று சிரித்தார்.

அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ. பஸ்ஸில் நின்றே வந்த அலுப்பு, பெஞ்சில் உட்கார்ந்த அலுப்பு, இந்தத் தடவையும் பெற்ற மூன்றாம் நாள் மஞ்சளாகுமோ என்று ராத்திரியெல்லாம் விழித்துக்கிடந்த அலுப்பு. எல்லாம் சேர்ந்து வெடித்துவிட்டது. "இது ரெண்டாவது இல்ல டாக்டரம்மா. நாலாவது. நடுவுல ரெண்டு மஞ்சளாகிச் செத்துப்போச்சு. இதையும் தூக்கிக் குழியில போட எனக்குத் தெம்பு இல்ல" என்று கத்திவிட்டேன்.

அத்தை பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "அடிப் பாவி, கேக்குதுடி, உள்ள இருக்கிறவளுக்குக் கேக்குது!" டாக்டரம்மா எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எந்த நாளில் மஞ்சள் வந்தது, எப்படி முறுக்கியது என்று ஒன்று விடாமல் கேட்டார். அன்றைக்கே என்னைப் படுக்கையில் சேர்த்தார். என் ரத்தம், என் வீட்டுக்காரர் ரத்தம், அண்ணன் ரத்தம் எல்லாம் எடுத்து மதுரைக்கு ரயிலில் அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்றைக்கு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். நான் புரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன். ரத்தத்தில் ஆர்.எச். என்று ஒரு சத்து உண்டு. ஒரு வகைக் குரங்கை வைத்து அதைக் கண்டுபிடித்ததால் அந்தக் குரங்கின் பெயராம். முக்கால்வாசிப் பேருக்கும் மேலே அது இருக்கும். எனக்கு இல்லை. என் வீட்டுக்காரருக்கு உண்டு. பிள்ளை அப்பனைக் கொண்டு பிறந்தால் அதற்கும் இருக்கும். முதல் பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாய் ரத்தத்தில் கலந்துவிடும். தாய் உடம்பு அதை அந்நியன் என்று பார்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளைக்கும் அதே ரத்தம் என்றால், தாய் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புச் சத்து தொப்புள்கொடி வழியாகப் போய் அதன் ரத்தத்தை உடைக்கும். உடைந்த ரத்தம்தான் மஞ்சளாக ஏறுகிறது. மூளைக்கு ஏறினால் முறுக்கும், அதோடு சரி.

"குரங்கா?" என்றாள் அத்தை. "எம் மகனுக்குக் குரங்கு ரத்தமா?"

"ஒங்க மகன் ஒருத்தருக்கு இல்ல அத்தே, ஒலகத்துக்கே" என்றார் அண்ணன், பெரிய சந்தோஷத்தோடு.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "அப்ப எம் பிள்ளைகளை நாந்தான் கொன்னேனா?" என்றேன்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொல்லல்ல மக்கா. உன் ரத்தம் காவல் காத்தது. உள்ள இருக்கிறது யாருன்னு அதுக்குத் தெரியாது. ஒரு தடவை பார்த்ததை அது மறக்காது, அதுதான் அதோட குணம்."

அத்தை விடவில்லை. "மறக்காம வாரது அவ, டாக்டரம்மா. காதுல மச்சத்தோட வந்தா. முருங்கையில ஒரு கொம்பை ஒடிச்சு நட்டா அதே மரந்தானே வருது? காய் ருசி கூட மாறாதே. அது மாதிரித்தான் உசிரும்."

அண்ணன் குறுக்கே விழுந்தார். "கொம்பை நட்டா அதே மரம் அத்தே. வெதையைப் போட்டா? ஒரு காய்க்குள்ள இருக்கிற வெதையைப் போட்டாக்கூட ஒண்ணு இனிக்கும், ஒண்ணு கசக்கும். பிள்ளை கொம்பா, வெதையா? டாக்டரம்மாவையே கேளுங்க."

"விதைதான்" என்றார் டாக்டரம்மா. "ஒவ்வொண்ணும் புதுசு. எங்க வேதத்துலயும் ஒருத்தருக்கு ஒரு பிறப்புதான். செத்தவங்க கடைசி நாளில எழும்புவாங்கன்னு நாங்க நம்புறோம். ஆனா அவங்கவங்களாத்தான் எழும்புவாங்க, வேற வயித்துல வந்து இல்ல."

"கடைசி நாள்ல எந்திரிப்பாங்களாம், அதை நம்புவீக. அடுத்த வருசம் வந்தா நம்ப மாட்டீக" என்றாள் அத்தை. டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மண்ணுக்குப் போறது மண்ணு, அம்புட்டுத்தான். அதுல புல் முளைக்கும், மாடு தின்னும். வேணும்னா அதை மறுபிறப்புன்னு வச்சுக்குங்க" என்று அண்ணன் ஆரம்பித்தார். மூன்று பேரும் என் கட்டிலைச் சுற்றி நின்று வழக்காடினார்கள். வயிற்றுக்குள் இருந்தவள் உதைத்துக்கொண்டிருந்தாள். "கொம்போ வெதையோ, இது பொழைக்குமா, பொழைக்காதா? யாராச்சும் அதைச் சொல்லுங்க" என்றேன்.

வழி ஒன்று உண்டு என்றார் டாக்டரம்மா. மாதம் முடியுமுன் ஊசி போட்டு வலி வரவழைத்துப் பிள்ளையை எடுத்துவிடுவது. பிறந்ததும் அதன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, என்னைப்போல அந்தச் சத்து இல்லாத ரத்தத்தை ஏற்றுவது. அது கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. என் அதிர்ஷ்டம், அண்ணன் ரத்தத்தில் அது இல்லை. மற்ற வகையும் பொருந்தியது. எங்கள் இருவருக்கும் ஒரே ஆத்தா அப்பன், அதனால் அப்படி அமைந்ததாம். "தாய்மாமன் மடியில வச்சுக் காது குத்துவாக. நான் அதுக்கும் முந்தியே என் கையைக் குத்திக்கிறேன்" என்றார் அண்ணன். சிரித்தார், ஆனால் ஊசி என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வார்டு நாட்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல. படுத்தே கிடப்பதுபோல அலுப்பு வேறு எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் தினமும் தண்ணீர் பாய்ச்சி முடித்து, பஸ் பிடித்து, தூக்குச்சட்டியில் சோறும் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனமும் கொண்டுவருவார். வந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் வீங்கின காலை அமுக்கிவிடுவார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் பெண்டாட்டி காலைத் தொடுகிற ஆள் எங்கள் ஊரில் யார் உண்டு? "எந்திரிங்க, பாக்குறாக" என்பேன். "பாக்கட்டும்" என்பார். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி ஒரு நாளும் மூச்சு விடவில்லை. வீடு திரும்பின பிறகுதான் தொழுவத்தில் காளைகள் இல்லாததைப் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் ஊசி போட்டார்கள். மறுநாள் வெயில் ஏறும்போது பிறந்தாள். பெண். சின்னதாக, அணில் மாதிரி இருந்தாள். மயக்கத்திலும் நான் முதலில் கேட்டது காதைத்தான். இடது காதுக்குப் பின்னால் சுத்தமாக இருந்தது, ஒரு புள்ளி இல்லை. அத்தையும் பார்த்தாள். "ஒளிச்சு வச்சிருக்கா" என்றாள், ஆனால் குரலில் வலு இல்லை.

கொடி ரத்தத்தைச் சோதித்துவிட்டு உடனே ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து அறை, கதவு சாத்தவில்லை. தொப்புள்கொடியில் மெல்லிய குழாயைச் செருகி, ஒரு ஊசிக்குழல் அளவு ரத்தத்தை உறிஞ்சுவார்கள், அதே அளவு அண்ணன் ரத்தத்தை உள்ளே விடுவார்கள். "எடுத்தாச்சு", "விட்டாச்சு" என்று ஒரு சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவசரப்பட்டால் இத்தனூண்டு நெஞ்சு நின்றுவிடுமாம். நான் படுத்தபடி கேட்டுக்கொண்டே கிடந்தேன். "எடுத்தாச்சு" என்ற பிறகு "விட்டாச்சு" வரக் கொஞ்சம் தாமதமானாலும் தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் பார்ப்பேன். வெளியே அத்தை பழனி முருகனை ஏலம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரத்தம் கொடுத்த அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாமியைக் கூப்பிடாதீங்க என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து அவளை என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டபோது அண்ணனும் வந்து பார்த்தார். அத்தை சும்மா இருப்பாளா? "ஏப்பா செல்லையா, ஒன் ரத்தம் இப்ப ரெண்டு ஒடம்புல ஓடுது. நீ உசிரோட இருக்கையிலேயே மறுபிறப்பு எடுத்துட்ட. இதுல இவரு மறுபிறப்பு இல்லைங்கிறாரு!" என்றாள். அதற்கு அண்ணன், "பசிக்குது, பிரியாணி வாங்கித் தாங்க" என்றார்.

அதோடு முடிந்ததா? இல்லை. மூன்றாம் நாள் இருந்ததே. டாக்டரம்மா காலையில் வந்ததும் அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப்போவார். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாதாம். கட்டைவிரலால் நெற்றியை அழுத்தி எடுப்பார். ரத்தம் விலகின அந்த இடத்தில் தோல் என்ன நிறம் என்று பார்ப்பார். இரண்டாம் நாள் நெற்றி மஞ்சள். மூன்றாம் நாள் நெஞ்சு வரை மஞ்சள். வயிற்றுக்குக் கீழே இறங்கினால் மறுபடி மாற்ற வேண்டும், அண்ணனிடம் இவ்வளவு சீக்கிரம் மறுபடி எடுக்கவும் முடியாது என்றார். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் அடித்தது. பல் கிட்டிக்கொண்டே அவளைப் பார்த்துக் கிடந்தேன். உடம்பை வளைக்கிறாளா, வளைக்கிறாளா என்று அதையே பார்த்தேன். அவள் கொட்டாவி விட்டாலும் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். நாலாம் நாள் காலையில் டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார், "இறங்குது" என்றார். அன்றைக்குத்தான் அவள் வாய் நிறையப் பால் குடித்தாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்றைக்கு டாக்டரம்மா, "இனி வேண்டாம், இவளோட போதும்" என்றும் சொல்லிவிட்டார். நல்ல செய்திதானே? எனக்கு அதைக் கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. நிறுத்த முடியவில்லை.

அத்தைக்கு எரிச்சல். "பொழைச்ச பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு எதுக்குடி ஒப்பாரி?"

"போனதுகளுக்கு அழுறேன் அத்தே."

"அதான் வந்துட்டாளே!"

"இவ வேற அத்தே. அது வேற, அதுக்கு அடுத்தது வேற. ஒண்ணுக்கும் ஒரு பேர் கூட வைக்கலையே. திரும்பி வரத்தானே போறான்னு நல்லா அழக்கூட இல்லையே. அதுக ரெண்டும் இனிமே வராது."

அத்தை துணிமணிகளை மூட்டை கட்டினாள். கட்டின மூட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். இவர் வண்டி பிடிக்கப் போயிருந்தார். பிறகு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அவள் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ராமாயி, டாக்டரம்மா சொன்னது எல்லாருக்குமா? அப்ப எனக்குப் போனது ஒண்ணு இல்லையா? நாலா?"

அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. பத்து வயது கூடினவள் மாதிரி இருந்தாள். விதை, கொம்பு, ரத்தம், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? "இல்லத்தே" என்றேன். "அது என் ரத்தத்துக்குச் சொன்னாக. ஒங்க ரத்தம் வேற. ஒங்களுக்கு ஒண்ணுதான். இவருதான் வந்து வந்து போயிருக்காரு."

"அதானே" என்றாள். தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் என் மகளின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஆனா மூணாவது பய இருந்தான்ல, அவன் ஒரு வருசம் இருந்தான். பால் குடிக்கையில என் தாலிக்கயித்தைப் பிடிச்சுக்குவான். பிடிச்சாத்தான் குடிப்பான். ஒம் புருசன் ஒரு நா கூடப் பிடிச்சதில்ல, தாயி. நானே எடுத்துக் கையில குடுத்துப் பாத்தேன். விட்டுட்டான்."

சொல்லிவிட்டு அத்தை அழுதாள். வண்டி வந்துவிட்டது என்று சொல்ல வந்த இவர், சொல்லாமல் வாசலிலேயே நின்றார்.